ஒக்கினாவாவின் பன்றியுணவு மரபு: ஒரு வரலாற்று நோக்கு

பன்றியின் கத்தலைத் தவிர மற்றெல்லாம் பயன்படும் என்னும் கூற்று உலகின் இரு வேறு இடங்களில், இரு வேறு வகையான மக்களின் வாயில் வழங்கி வந்துள்ளது. ஒன்று அமெரிக்காவின் சிக்காகோ நகரம். 1865 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அந்நகரின் பெருங் கால்நடைத் தொழுவங்களைச் சூழ்ந்தெழுந்த இறைச்சித் தொழிற்சாலைகளின் முதலாளிமார் இக்கூற்றைப் பெருமையுடன் எடுத்துரைத்தனர். இறைச்சி சந்தைக்குப் போயிற்று, கொழுப்பு சவர்க்காரமாயிற்று, எலும்பு பசையும் பசளையுமாயிற்று, மயிர் தூரிகையாயிற்று. ஊர்க் கசாப்புக்காரன் எறிந்துவிட்ட பொருளையெல்லாம் காசாக்கிய இம்முறையே அவனை அவர்கள் விலைப்போட்டியில் வீழ்த்துவதற்கும் துணைநின்றது. மற்றைய இடம் கிழக்குச் சீனக் கடலின் ஓரத்திலுள்ள ஒக்கினாவாத் தீவு. அங்கு இதனைச் சொன்னவர்கள் ஆண்டுக்கு ஒரு பன்றியைக் கொன்று, அதனையும் அயலவரோடு பங்கிட்டுக்கொண்ட குடியானவர்கள். சொல் ஒன்றாயினும் சொன்னவரின் நிலை ஒன்றன்று. தீவினரின் வாயில் இக்கூற்று எப்பொருளில் வழங்கியது, அப்பொருள் எவ்வாறு மாறிற்று என்பது ஆராயத்தக்கது.

மனிதன் வளர்க்கும் விலங்குகளுள் பன்றி ஒரு வகையில் தனித்தது. அது ஏர் இழுப்பதில்லை; பால் தருவதில்லை; உரோமத்தால் உடை நெய்ய இயலாது. எருவொன்றைத் தவிர உயிரோடிருக்கும்போது அதனாற் பெறும் பயன் சொற்பமே. அதன் பயன் முழுவதும் அதன் சாவிலேயே தங்கியிருப்பதால், கொன்றபின் எதனையும் இழக்க ஏழைக் குடும்பத்துக்குக் கட்டாது. இரத்தத்தைக் குடலில் அடைத்து அவிப்பது, தலையைக் கொதிக்கவைத்து அதன் பசையோடு உறையவிடுவது, ஈரலையும் சுவாசப்பையையும் அரைத்து உருட்டுவது முதலிய முறைகள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஸ்பெயினிலும் பிலிப்பைன்சிலும் சிற்சில மாற்றங்களோடு காணப்படுவதற்கு இதுவே காரணம். இத்தகைய உணவின் பின்னணியில் வறுமை நிற்பதை ஆங்கிலக் கிராமம் ஒன்றின் நிலை தெளிவாக்கும். 1880களின் ஒக்ஸ்போட்சயர் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஃபுளோரா தொம்சன், பன்றிக்கு மாத்தீனி வாங்கப் பணமில்லாத குடும்பங்கள் வெதுப்பகக்காரனிடமோ மாவரைப்போனிடமோ கடன்பட்டு, பன்றியின் பாதியை முன்கூட்டியே அடைவு வைத்ததைக் கூறுகின்றார். அதனால் 'அரைப்பன்றி' கொல்லப்போவதாகப் பெண்கள் பேசிக்கொள்வது அங்கு வழக்கமாயிருந்ததாம்.

ஒக்கினாவாவின் நிலையை விளங்கிக்கொள்வதற்கு, அது யப்பானின் பகுதியாக இல்லாதிருந்த காலத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். 1372 ஆம் ஆண்டிலே சீனத்து மிங் அரசுக்கு முதன்முதலாகத் திறை அனுப்பியதும், 1429 இல் ஒரே முடியின்கீழ் இணைந்ததுமான றியூக்கியூ அரசு, சீனாவுக்கும் யப்பானுக்கும் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் இடையிலே கடல் வாணிகம் நடத்திச் செழித்தது. உணவைப் பொறுத்தவரையில் அதன் முகம் சீனாவையே நோக்கியிருந்தது. சீன எழுத்தில் 'வீடு' என்பதைக் குறிக்கும் குறி, கூரையின்கீழ் ஒரு பன்றியைக் காட்டுகின்றது. யப்பானியப் பெருந்தீவுகளின் மரபு வேறு. அங்கு 675 ஆம் ஆண்டின் அரசாணை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைப் பருவகாலத்துக்கு விலக்கியது. அவ்வாணையிற் பன்றி இடம்பெறாவிடினும், பௌத்தச் செல்வாக்கு வளர வளர நாற்கால் விலங்கின் இறைச்சி அனைத்துமே இழிவுக்குரியதாயிற்று. 1872 இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டது நாடறியச் செய்தியாக்கப்பட்டமை அவ்விலக்கு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை ஆண்ட இறுதிச் சோகனுக்குப் பன்றியிறைச்சியில் விருப்பம் இருந்ததென்பதே ஒரு கேலிப்பெயர் தோன்றப் போதுமானதாயிருந்தது.

பன்றி தீவின் ஒவ்வொரு வீட்டு முற்றத்துக்கும் வந்து சேர்ந்தமைக்குக் காரணம் ஒரு கிழங்கு. 1605 இல் நொகுனி சோகன் என்பவர் சீனத்துப் பூசியன் மாகாணத்திலிருந்து வற்றாளங்கொடியைக் கொணர்ந்தார். புயல் அடிக்கடி வீசுவதும், நெல்லுக்கு வேண்டிய நீரும் நிலமும் குறைந்ததுமான தீவில் நிலத்தின்கீழ் விளையும் வற்றாளை விரைவில் மக்களின் முதன்மை உணவாயிற்று. அதன் கொடியும் இலையும் தோலும் சிறுத்த கிழங்கும் பன்றிக்காயின. நான்கே ஆண்டுகள் கழிந்து, 1609 இல், தென் யப்பானின் சத்சுமா ஆட்சியாளர் தீவின்மீது படையெடுத்து அதனைத் தமக்கு அடக்கினர். முடியும் சீனத் திறையுறவும் தொடர்ந்தன. ஆயினும் விளைச்சலின் ஒரு பகுதி இனி வடக்கே சென்றது. உழவுக்கும் கரும்பாலைக்கும் வேண்டிய மாட்டைக் கொல்வதற்கு அரசு தடைவிதித்த நிலையில், விழாவுக்குரிய இறைச்சியாகப் பன்றியே நிலைபெற்றது. வரியும் வற்றாளையும் ஒருங்கே வளர்த்த விலங்கு அது எனல் மிகையாகாது.

'ஃபூரு' என வழங்கிய பன்றித் தொழுவமே இவ்வுறவின் சின்னம். கல்லாற் கட்டிய அத்தொழுவத்தின் ஒரு முனை வீட்டாரின் மலகூடமாகவும் அமைந்தது. வீட்டின் கழிவு பன்றிக்கும், பன்றியின் எரு வற்றாளைத் தோட்டத்துக்கும், தோட்டத்தின் விளைவு மீண்டும் வீட்டுக்கும் பன்றிக்குமாகச் சுழன்றன. சீனத்து ஹன் காலக் கல்லறைகளிற் கிடைத்த சுடுமண் உருக்களிலும், கொரியாவின் செயூத் தீவிலும் இவ்வமைப்பைக் காணலாம். (விலங்கை வீட்டருகே அடைத்துக் கொழுக்கவைக்கும் வழக்கம் சங்க இலக்கியத்துக்கும் புதிதன்று, நெல்மா ஊட்டிக் குழியில் நிறுத்தி வளர்த்த பன்றியின் கொழுத்த தசையைப் பாணர் கள்ளோடு பெறுவதைப் பெரும்பாணாற்றுப்படை கூறும்.) இத்தொழுவத்தை அருவருப்போடு மட்டும் நோக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: தீவினர் வீட்டுத் தெய்வங்களுள் ஃபூருவின் தெய்வத்தை மிக வலியதாகக் கருதினர். இரவில் வெளியே சென்று திரும்புவோரும் இழவு வீட்டிலிருந்து வருவோரும் முதலிலே தொழுவத்துக்குச் சென்று பன்றியை எழுப்பி உறுமச்செய்வர். அவ்வொலி தம்மைத் தொடர்ந்துவந்த தீய ஆவியை ஓட்டும் என்பது நம்பிக்கை. பயனற்றதென ஒதுக்கப்பட்ட கத்தலுக்கும் ஒரு பயன் இருந்தது!

அரண்மனை அடுக்களையின் வரலாறு வேறுவிதமானது. புதிய மன்னனுக்கு முடிசூட்டச் சீனப் பேரரசின் தூதுக்குழு வரும். நானூறு பேருக்குக் குறையாத அக்குழுவினர் கோடையின் தென்மேற்குக் காற்றோடு வந்து, வடகாற்று எழும்வரை பல மாதங்கள் தங்குவர். அவர்களுக்குப் பன்றியிறைச்சி படைத்தேயாக வேண்டும். கடைசித் தூதுக்குழு 1866 இல் வந்தது. இவ்விருந்துகளின் சுமை தீவெங்கும் பன்றி வளர்ப்பைத் தூண்டியது. ஷூரி நகர் அரண்மனைச் சமையலாளர் சீன முறைகளையும் சத்சுமா அதிகாரிகளின் வாய்க்குரிய யப்பானிய முறைகளையும் ஒருங்கே கற்றனர். தோலோடு கூடிய வயிற்றிறைச்சியை அவமோரி என்னும் அரிசிச் சாராயம், சோயாச் சாறு, சருக்கரை ஆகியவற்றில் நெடுநேரம் வேகவைத்த 'றஃபுதே', கறுத்த எள்ளின் விழுது பூசி ஆவியில் அவித்த 'மினுதறு' ஆகியவை இவ்வாறு தோன்றின. அரண்மனை தசையை உண்டது. குடலும் காலும் காதும் இரத்தமும் ஊரின் உணவாயின.

இங்கு ஒரு வியப்பைக் குறிப்பிடல் தகும். பன்றிக் காலோடும் விலாவெலும்போடும் சேர்த்து ஒக்கினாவாவிலே சமைக்கப்படும் இன்றியமையாப் பொருள் கொன்பு என்னும் அகன்ற கடற்பாசி. அது தீவின் வெந்நீர்க் கடலில் விளைவதில்லை. யப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோவின் குளிர்கடலிலேயே விளைவது. சீனாவில் அதற்கிருந்த கிராக்கியைப் பயன்படுத்தி, சத்சுமா வணிகர் அதனை வடக்கிலிருந்து வாங்கி றியூக்கியூவின் திறைக்கப்பல்கள் மூலம் விற்றனர். வழியிற் சிந்தியது தீவின் பானைக்குள் விழுந்தது. தன் கரையில் ஒருபோதும் முளையாத பாசியை யப்பானிலேயே மிகுதியாக உண்ணும் மக்களுள் ஒருவராக ஒக்கினாவர் விளங்கியமை வாணிக வழியின் விளைவேயன்றிச் சுவையின் விளைவன்று.

சந்திர நாட்காட்டியின் ஆண்டிறுதி நாட்கள் பன்றி கொல்லும் நாட்கள். ஓரளவு வசதியுள்ள வீட்டார் தனியே ஒன்றையும், ஏனையோர் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒன்றையும் கொன்றனர். முதலில் இரத்தம் பாத்திரத்தில் ஏந்தப்படும். உறைந்த இரத்தத்தை இறைச்சித் துண்டுகளோடும் காய்கறியோடும் வதக்குவதே 'சீ இரிச்சா'. அன்றே கெட்டுவிடும் உறுப்புகள் அன்றே சமைக்கப்பட்டு அயலோடு பகிரப்பட்டன. மயிர் பொசுக்கிச் சுரண்டப்பட்ட காதும் முகத்தோலும் அவித்து மெல்லிய இழைகளாக அரியப்பட்டு, வினாகிரியோடோ நிலக்கடலை விழுதோடோ பிசையப்பட்டன. மெல்லும்போது குருத்தெலும்பு நொறுங்கும் ஓசையே 'மிமிகா' எனும் அவ்வுணவின் சிறப்பு. கால்கள் கொன்பு, முள்ளங்கி ஆகியவற்றோடு தசைநார் பசையாகும்வரை வேகும். கொழுப்பை உருக்கிச் சாடிகளில் ஊற்றிவைத்தனர். வற்றாளையும் கீரையும் மீசோ என்னும் புளித்த சோயா அவரை விழுதும் ஆண்டு முழுவதும் சிறிது சுவைபெற்றது அச்சாடியினாலேயே. எஞ்சிய தசை உப்புக்கண்டமாகித் தாழியில் அடங்கிற்று. மாதங்கள் சென்றபின் வரும் வசந்தகாலக் கல்லறை வழிபாட்டில் முன்னோருக்குப் படைத்து, கல்லறை முன்றிலிலேயே குடும்பத்தார் இருந்து உண்ணும் உணவிலும் பன்றியிறைச்சிக்கு இடமுண்டு.

குடலும் இரைப்பையும் கொண்டு ஆக்கும் 'நக்கமி' என்னும் தெளிந்த சாறு புத்தாண்டுக்கும் கொண்டாட்டங்களுக்கும் உரியது. இதனை ஓர் ஏழை உணவென்று விரைந்து சொல்லிவிடலாம்; ஆனால் அதன் ஆக்கமுறையை அறிந்தோர் அங்ஙனம் சொல்லார். குடலைப் புறம் மாற்றி, மாவிட்டுத் தேய்த்து, கழுவி, கொதிக்கவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு மீண்டும் தேய்த்து, மீண்டும் கொதிக்கவைத்து, நாற்றத்தின் சுவடே இல்லாதவாறு செய்தல் வேண்டும். பின்னர் அதனை ஒரே அளவான கீற்றுகளாக வெட்டி உலர்காளானோடு சாறு காய்ச்சுவர். சாறு கலங்கியிருப்பின் வீட்டுப் பெண்ணுக்குக் குறை. எதனையும் வீணாக்காத சமையல் என இன்று போற்றப்படுவதன் உண்மையான விலை பெண்களின் குளிர்கால உழைப்பாகும். உணவு வரலாறு எழுதுவோர் பண்டங்களின் பெயரைப் பட்டியலிடுமளவுக்கு இவ்வுழைப்பைக் கணக்கிடுவதில்லை.

இத்தனை வகை உணவுகளைக் கேட்போர், தீவினர் நாள்தோறும் பன்றியிறைச்சி உண்டனர் என எண்ணக்கூடும். அது பெருந்தவறு. 1949 ஆம் ஆண்டின் உணவுக் கணக்கெடுப்பின்படி, மக்கள் உணவிலிருந்து பெற்ற சக்தியில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பங்கு வற்றாளையிலிருந்தே வந்தது. இறைச்சியின் பங்கு மிகச் சிறிது. போர் முடிந்து நான்கே ஆண்டுகளான காலம் அதுவென்று கொண்டாலும், முந்திய காலக் குடியானவனின் தட்டு பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. இறைச்சி அரிதாயிருந்தமையாலேயே அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயரும் ஒரு பக்குவமும் ஒரு நாளும் வாய்த்தன.

1879 இல் யப்பான் றியூக்கியூ முடியை அகற்றி, தீவை ஒக்கினாவா மாகாணமாக்கியது. பாடசாலையில் தாய்மொழி பேசிய மாணவரின் கழுத்திலே தண்டனைப் பலகை தொங்கிய காலம் தொடங்கிற்று. பழக்கவழக்கத் திருத்தம் என்னும் பெயரால் உடை, பெயர், சடங்கு ஆகியவையெல்லாம் நாகரிகக் குறைவுடையனவாகக் காட்டப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுகாதார அதிகாரிகள் ஃபூருவையும் விலக்கினர். சுகாதார நோக்கில் அவ்விலக்கு நியாயமானதே. எனினும் 'பன்றியோடு வாழ்வோர்' என்னும் இழிசொல் நோய்க்கிருமியைப் பற்றியதன்று. அச்சொல் கடலையும் கடந்தது. 1900 சனவரியில் 26 ஒக்கினாவர் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஹவாயில் இறங்கினர். பின்வந்தோருள் பலர் தோட்டத்தை விட்டு விலகி, உணவுச்சாலைகளின் மிச்சத்தைச் சேகரித்துப் பன்றி வளர்த்துப் பிழைத்தனர். அதே தோட்டங்களில் அதே கூலிக்கு உழைத்த ஏனைய யப்பானியரின் பிள்ளைகள் அவர்களைப் பன்றித்தீனிக்காரர் எனப் பாட்டுக்கட்டிக் கேலிசெய்தனர். ஒடுக்கப்பட்டோரிடையேயும் படிநிலை தோன்றுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1945 ஏப்ரல் முதல் யூன் வரை நிகழ்ந்த ஒக்கினாவாப் போரில் தீவு மக்களில் ஏறத்தாழ நான்கிலொரு பகுதியினர் மாண்டனர். நூறாயிரத்துக்கு மேற்பட்டிருந்த பன்றிகளில் எஞ்சியவை மிகச் சொற்பம். வயல்கள் குண்டுக்குழிகளாயின, பல ஊர்கள் இராணுவத் தளங்களுக்குள் மறைந்தன. சமைக்க எண்ணெய் இல்லாமல், தளங்களிலிருந்து கிடைத்த இயந்திர எண்ணெயிற் பொரித்துத் தின்று மக்கள் நோயுற்றனர். கொழுப்புச் சாடி வெறுமையானதன் பொருள் இதுவே.

இச்செய்தி ஹவாயை எட்டியது. கேலிக்கு ஆளான அச்சமூகத்தவர் ஏறத்தாழ 50,000 டொலர் திரட்டினர். உடையும் மருந்தும் அனுப்பியதோடு நில்லாமல், அமெரிக்கப் பெருநிலத்தில் 550 பன்றிகளை வாங்கினர். 1948 ஓகஸ்ட் இறுதியில் ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் துறைமுகத்திலிருந்து 'ஓவன்' என்னும் கப்பல் புறப்பட்டது. ஹவாய் ஒக்கினாவர் எழுவர் பன்றிகளோடு சென்றனர். புயலிற் கூடுகள் உடைந்தன. சில பன்றிகள் இறந்தன. போரில் இட்ட கண்ணிவெடிகள் இன்னும் மிதந்த கடலை அவர்கள் கடக்க வேண்டியிருந்தது. செப்டெம்பர் 27 இல் கப்பல் ஒக்கினாவாவின் கிழக்குக் கரையை அடைந்தது. பன்றிகள் ஊர்தோறும் பகிரப்பட்டன. சில ஆண்டுகளுக்குள்ளேயே தீவின் பன்றித்தொகை மீண்டும் நூறாயிரத்தைக் கடந்தது. பணமாக அனுப்பியிருந்தால் அப்போதைய சந்தையில் வாங்குவதற்கு எதுவும் இருந்திராது. ஈனுவதும், எருவும் கொழுப்பும் தருவதும், புத்தாண்டுச் சடங்கைத் திருப்பித் தருவதுமான ஒன்றை அனுப்பவேண்டுமென்று கண்டவர்கள் பன்றி வளர்த்தோரே என்பது கவனத்துக்குரியது.

ஆயின் அக்கொடைக்கு எதிர்பாராத விளைவும் இருந்தது. தீவின் பழைய பன்றி கறுத்தது, சிறியது, மெல்ல வளர்வது, ஈற்றுக்கு நான்கைந்து குட்டிகளே போடுவது. வந்தவை பருத்தவை, விரைந்து கொழுப்பவை, பல குட்டி ஈனுபவை. பசியிலிருந்த மக்கள் எதனைத் தெரிவர் என்பதில் ஐயமில்லை. கலப்பும் புறக்கணிப்பும் சேர்ந்து, 'அகூ' என்ற அக்கறுத்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தன. 1981 இல் நாகோ நகர் நூதனசாலையினர் தேடியபோது ஏறத்தாழ 30 விலங்குகளே கிடைத்தன. தீவின் வடபகுதி விவசாயப் பாடசாலை ஒன்றில் ஆண்டுக்கணக்கான தெரிவினக்கலப்பின் பின்னரே அவ்வினம் ஓரளவு மீட்கப்பட்டது. இன்று அதன் இறைச்சி தீவின் விலையுயர்ந்த இறைச்சி.

இதே காலத்திற் சிக்காகோவின் மரபும் தீவுக்கு வந்து சேர்ந்தது. 1937 இல் அமெரிக்க மினசோட்டா மாநில நிறுவனமொன்று, விலைபோகாத தோள் இறைச்சியைத் தொடையிறைச்சியோடு அரைத்துத் தகரத்தில் அடைத்து 'ஸ்பாம்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியிருந்தது. போர்வீரரோடு வந்த அத்தகரம், 1972 மே 15 வரை நீடித்த அமெரிக்க நிருவாகக் காலத்தில் நிவாரணமாகவும் சம்பளச் சாமானாகவும் வீடுகளுக்குட் புகுந்தது. கழுவ வேண்டியதில்லை, பொசுக்க வேண்டியதில்லை, அயலவரோடு பங்கிட வேண்டியதுமில்லை. பாகற்காயும் சோயாக் கட்டியும் முட்டையும் சேர்ந்த அன்றாட வதக்கலில் உப்புக்கண்டம் இருந்த இடத்தை அது பிடித்தது. யப்பானில் விற்பனையாகும் தகர இறைச்சியிற் பெரும்பங்கு இன்றும் ஒக்கினாவாவிலேயே நுகரப்படுகின்றது. அதனைத் தீவின் மரபுணவு என்றே இளந்தலைமுறையினர் கருதுவர். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உண்ணப்படுவதை மரபன்று என மறுப்பதும் எளிதன்று.

நாகா நகரின் மக்கிசிப் பொதுச்சந்தையிலே, தோலுரித்து மரமூடிபோற் சமைத்த பன்றி முகங்கள் இன்றும் கடைமுன் தொங்குகின்றன. பார்வையாளர் அவற்றின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். புத்தாண்டை அண்டிய நாட்களிற் கழுவி, அவித்து, ஒரே அளவாக அரிந்து பொதிசெய்யப்பட்ட குடலை உள்ளூர்ப் பெண்கள் அடுத்த தட்டிலிருந்து வாங்கிச் செல்கின்றனர். வீட்டிலே ஒருமுறை கொதிக்கவைத்து நீரை ஊற்றிவிட்டே அதனைச் சாற்றில் இடும் முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர்.